உப்புக்காற்றில் கிடந்த பழைய ரேஸ் கார்: ராமநாதபுரம் கரையில் வண்டி எழுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் பழைய ரேஸ் கார் ஒன்றை வாங்கி அமெச்சூர் பந்தயத்துக்குத் தயார்செய்ய நினைப்பவர்களுக்காக எழுதியது இது. அளவுகள் வரும் இடங்களில் 1300 சிசி மாருதி எஸ்டீமை மனதில் வைத்திருக்கிறோம். நம் நாட்டு சலூன் கார் பந்தயங்களில் நெடுங்காலம் ஓடிய வண்டி. இரும்புத் தகட்டு பாடி, முன்சக்கர இழுவை. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் அளவை மாற்றிக்கொண்டால் போதும், வேலை ஒன்றுதான்.

வண்டி வந்து இறங்கிவிட்டது. முதலில் இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கலாமா?

வேண்டாம். எல்லாருக்கும் கை துறுதுறுக்கும் இடம் இது. ஆனால் இரண்டு மூன்று வருடம் கொட்டகையில் நின்ற இன்ஜினில் பேட்டரியைக் கட்டி ஸ்டார்ட்டரைத் தட்டினால், சிலிண்டர் சுவரில் படிந்த துரு ரிங்கை உரசிக் கோடு போட்டுவிடும். நூறு ரூபாய் எண்ணெயில் தீர வேண்டியது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோரில் போய் நிற்கும்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ என்றால் இன்ஜினில் தொடங்கலாம். இந்தக் கரையில் வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது பாடி. இன்ஜினை எந்த ஊரிலும் வாங்கலாம். உப்பு தின்ற பாடிக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைக்காது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை வருடாவருடம் பெயிண்ட் அடித்துக் காத்தும், கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியின் இரும்பில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த இரும்போடு ஒப்பிட்டால் காரின் தரைத் தகடு வெறும் 0.8 மி.மீ.

பாடி தேறுமா தேறாதா என்று எப்படிப் பார்ப்பது?

சீட், கார்பெட், கதவு உறை, ஒட்டியிருக்கும் தார் ஷீட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரு பழைய தட்டை ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மொத்தென்று அடங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள், அடிக்க வேண்டாம். உள்ளே இறங்கினால் அந்த இடம் போயிற்று.

முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால்) கூட்டின் தலைப்பகுதி, பின் சஸ்பென்ஷன் ஆர்ம் பூட்டும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, பேட்டரித் தட்டின் அடி, ஸ்டெப்னிக் குழி, பெட்ரோல் டேங்க் பட்டை பிடிக்கும் இடம், முன் கண்ணாடியின் கீழ் ஓரம். தரையில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், தகடு வைத்துவிடலாம். ஸ்ட்ரட் கூடும் பின் ஆர்ம் பிடிப்பும் சேர்ந்து போயிருந்தால் அந்தப் பாடியை விட்டுவிட்டு வேறு பாடி தேடுங்கள். வளைவில் வரும் பாரம் முழுக்க அந்த இரண்டு இடத்தில்தான் இறங்குகிறது.

பிறகு குறுக்களவு. முன் ஸ்ட்ரட் தலை போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பின் ஸ்ட்ரட் தலை போல்ட் வரை இரண்டு மூலைக்கும் டேப் பிடியுங்கள். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி எங்கோ மோதி, சரியாக நிமிர்த்தப்படாமல் இருக்கிறது. பந்தயத்தில் ஓடிய வண்டி மோதாமல் இருந்திருக்காது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உப்பைக் கழுவ வீட்டு போர் தண்ணீர் போதாதா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள். நம் கரையோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் பல இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும். அதில் வண்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பைக் கரைத்து எடுத்த மாதிரித் தெரியும்; உண்மையில் மடிப்புக்குள் புது உப்பை ஏற்றியிருப்பீர்கள்.

முதல் அழுக்கு, மண், கிரீஸ் போவதற்குப் போர் தண்ணீர் பரவாயில்லை. கடைசிக் கழுவு மட்டும் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் தண்ணீர், அல்லது கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர். மழைத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மேல், ஆனால் முதல் மழையில் கூரை உப்பு இறங்கி வரும், அதை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள். வெறும் பாடிக்கு 300 லிட்டர் வேண்டும். 20 லிட்டர் கேன் என்றால் 15.

போதுமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உள்ளே ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு, சில் பெட்டியின் வடிதுளையில் சொட்டும் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்று அளந்துகொண்டே வாருங்கள். இரண்டும் நெருங்கி வரும்வரை கழுவ வேண்டும். பள்ளிக்கூட வேதியியலில் படித்த சில்வர் நைட்ரேட் சோதனையும் இங்கே உதவும்: சொட்டும் தண்ணீரில் இரண்டு துளி விட்டால், குளோரைடு மிச்சமிருந்தால் பால்போல் வெளுக்கும். கேன் தண்ணீரே லேசாக வெளுக்கலாம், அதனால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் துருக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் குளோரைடு. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். பெயிண்டர் மேல் பழி போடுவார்கள், பெயிண்டர் பாவம்.

துருவை எடுக்க ஆசிட் ஊற்றலாமா? சாண்ட் பிளாஸ்டிங் நல்லதா?

கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக், துருவைக் கரைக்கும், கூடவே எந்தக் குளோரைடைத் துரத்தக் கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றினோமோ அதையே தகட்டில் விட்டுப் போகும். பாஸ்பாரிக் ஆசிட் வாங்குங்கள். 85 சதவீத ஆசிட் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு என்றால் சுமார் 18 சதவீதக் கரைசல் வரும். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். வயர் பிரஷ்ஷால் உதிரும் துருவை எடுத்தபின் பூசி, 20 முதல் 30 நிமிடம் காயாமல் ஈரமாக வைத்திருந்து, மறுபடி நல்ல தண்ணீரில் கழுவி, ஹாட் ஏர் கன்னால் உடனே உலர்த்துங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்ஸி ப்ரைமர் பிடிக்காது.

பிளாஸ்டிங்குக்குக் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அது உப்பைத் தகட்டுக்குள் அறைகிற வேலை. போதாததற்கு சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட் மணல் கேளுங்கள். ரூஃப், பானெட், கதவு மாதிரி விரிந்த தகடுகளில் பிளாஸ்டிங் அடித்தால் நெளிந்துவிடும். அவற்றைக் கையால் தேய்ப்பதே நல்லது. சஸ்பென்ஷன் ஆர்ம், சப்ஃபிரேம் போன்ற தடித்த சாமானுக்கு பிளாஸ்டிங் அருமை.

ப்ரைமர் எப்போது அடிப்பது?

அன்றைக்கே. வெறும் தகட்டை ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். நடைமுறையில் சொன்னால், பனி விலகிய பிறகு, கடற்காற்று வேகம் பிடிப்பதற்கு முன்னால். காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை. வாடைக்காலத்தில் ஈரம் விடாது, சோழகம் வீசும் மாதங்களில் மதியத்துக்கு மேல் உப்புத்தூள் பறக்கும். வருடத்தில் பெயிண்ட் வேலைக்கு நல்ல மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும்.

இரண்டு கோட் டூ-பேக் எபாக்ஸி ப்ரைமர். ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி, இதற்கு வேண்டாம். சில் பெட்டி, தூண்களின் உட்பக்கம் எல்லாம் பெயிண்ட் முடிந்த பின், மூடிய உட்குழிவுக்குத் தெளிக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸ் அடியுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பாகத்தில் அடிக்கும் வழக்கம் ரோட்டு வண்டிக்கே நல்லதில்லை: புஷ் ரப்பர் ஊறிப்போகும், ரேஸ் காரில் அது தீக்கு வைத்த எண்ணெய்.

படகுப் பட்டறை வெல்டரிடம் வேலை கொடுக்கலாமா?

தடித்த இரும்பில் அவர்கள் கை தேர்ந்தது. ஆனால் குச்சி வெல்டிங்கில் 0.8 மி.மீ. தகட்டைத் தொட்டால் ஓட்டைதான் விழும். இதற்கு வேண்டியது மிக் வெல்டிங் (கேஸ் பாய்ச்சி, வயர் ஊட்டி ஒட்டும் முறை), 0.8 மி.மீ. வயர், 20 கேஜ் சிஆர்சி (குளிரில் உருட்டிய) தகடு. ஒரே இழுப்பில் ஓட்டாமல், தூரம் தூரமாகப் பொட்டு வைத்து, சூடு ஆறவிட்டு இடையை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். பழைய ஓட்டையின் மேல் தகட்டைப் போர்த்தி ஓரம் சுற்றி வெல்ட் அடிப்பது கூடாது. நடுவில் சிக்கும் ஈரம் இரண்டு தகட்டையும் தின்னும். அரித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பு சேர்க்கச் சொல்லுங்கள்.

மிக் வெல்டிங்குக்குக் காற்று எதிரி. கேஸைக் காற்று தள்ளிவிட்டால் வெல்ட் முழுக்கப் பஞ்சுபோல் துளை. மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) மூன்றையும் கழற்றாமல் வெல்டிங் தொடங்க விடாதீர்கள்.

படகுக்காரர்கள் உண்மையில் கைகொடுப்பது ஃபைபரில். முன் பம்பர், ஃபெண்டர், பானெட் ஆகியவற்றை ஃபைபரில் வார்க்க நம் கரையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு எச்சரிக்கை: படகு கனத்தில் போட்டுவிடுவார்கள். பானெட்டுக்கு 450 கிராம் கண்ணாடி நார் மேட் இரண்டு அடுக்கு, ஓரத்திலும் பின் பூட்டும் இடத்திலும் மூன்றாவது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படகுக்குப் போடும் எஸ்எஸ் போல்ட் துருப்பிடிக்காதே, அதையே எல்லா இடத்திலும் போட்டால் என்ன?

நம்பர் பிளேட்டுக்குப் போடுங்கள். சஸ்பென்ஷன், பிரேக் காலிப்பர், சீட், பெல்ட் ஆகிய இடங்களில் கூடாது. சாதாரண ஏ2-70 எஸ்எஸ் போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 இரும்பு போல்ட்டுக்கு 800, 10.9க்கு ஆயிரத்துக்கு மேல். இறுக்கும்போது மரையோடு மரை கவ்விக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. அலுமினியத்தில் பூட்டினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். கம்பெனி போல்ட் வாங்கி, மரையில் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை) தடவிப் பூட்டுவதே வழி. ஆன்ட்டி-சீஸ் தடவினால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய ரோல் கேஜ் (ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூடு) அப்படியே இருக்கிறது. புதுசாகப் போட வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். அல்ட்ராசோனிக் தடிமன் கருவியால் தரைக்கு அருகிலும் வளைவிலும் அளந்து பாருங்கள். கருவி கிடைக்காவிட்டால் கேஜின் அடிப்பகுதியைத் துண்டாக வெட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பிக்கையான வழி இல்லை.

புதிது போடுவதானால் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253 சொல்லும் அளவு இதுதான். முதன்மை வளையம் குளிர் இழுப்பில் செய்த தையலற்ற கார்பன் ஸ்டீல், 45 × 2.5 அல்லது 50 × 2.0 மி.மீ. மற்றவை 38 × 2.5 அல்லது 40 × 2.0. முதன்மை வளையம் இடையில் ஒட்டில்லாத ஒரே குழாய். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது. ஒவ்வொரு காலுக்கும் பாடியில் 3 மி.மீ. தடிப்பில் 120 சதுர செ.மீ. தகடு, குறைந்தது மூன்று எம்8 போல்ட், 8.8 தரம். கதவுக் குறுக்குக் குழாய், மூலைவிட்டம் எல்லாம் சேர்த்து சுமார் 28 மீட்டர் குழாய் போகும், 60 கிலோவுக்குச் சற்று மேல்.

கட்டிலுக்கும் பந்தலுக்கும் வரும், தகட்டைச் சுருட்டித் தையல் வெல்ட் அடித்த இஆர்டபிள்யூ குழாயோ ஜிஐ குழாயோ ஆய்வில் தேறாது. வளைக்கும்போதே தையல் பிளக்கலாம். குழாய் வாங்கும்போது ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், ஆய்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

வண்டி சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தது, அதற்கு ஆவணமும் இருக்கிறது என்றால் கையை வைக்குமுன் நிதானியுங்கள். அதில் வெல்ட் கேஜ் போட்டால் வரலாறு போய்விடும். போல்ட்டில் பூட்டும் கேஜ் போட்டு மெதுவான டைம் டிரையலுக்கு மட்டும் எடுப்பது நம் யோசனை.

ஃபார்முலா மாருதி மாதிரி ஒற்றை இருக்கை வண்டி கிடைத்தால்?

கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் வடிவமைத்து, மாருதி 800 இன்ஜினோடு பலரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த வகை அது. இங்கே எல்லாமே குழாய்ச் சட்டம். மூட்டுக்கு அடியில், தண்ணீர் தேங்கக்கூடிய மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை போடுங்கள். பழுப்புத் தண்ணீரோ பொடியோ வந்தால் அந்தக் குழாயை மாற்ற வேண்டும். சரியாக இருந்தால் துளையை வெல்டால் அடைத்துவிடுங்கள்.

இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. திருகலாமா?

பொறுமையாக. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து 30 மி.லி. விடுங்கள், பக்கத்தில் தீ கூடாது. மூன்று நாள் ஊறட்டும். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கம்பி போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள், ஒரே பக்கம் முறுக்க வேண்டாம். அசைந்துவிட்டால் டைமிங் பெல்ட் மாற்றி, ஆயில் மாற்றி, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் அடுத்தது.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, எல்லா பிளக்கும் வெளியே வைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் ஐந்தாறு சுற்று. கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், ஏறினால் ரிங் குறை, ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ.

ரீபோர் செய்தால் வகுப்பு மாறுமா?

மாறக்கூடும், லேத்தில் கொடுக்குமுன் கணக்குப் போடுங்கள். எஸ்டீமின் போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ.; 1298.9 சிசி. 0.25 ஓவர்சைஸ் போட்டாலே 1307, 0.50 என்றால் 1316. உங்கள் வகுப்பின் எல்லை 1300 என்று எழுதி, ரீபோருக்குத் தனிச் சலுகை தராவிட்டால் நீங்கள் வெளியே. அந்த வருட விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்த பிறகே பிஸ்டன் வாங்குங்கள்.

ரிங் இடைவெளி இந்த போருக்கு 0.30 மி.மீ. அளவில். ஹெட்டின் சமதளம் 0.05 மி.மீ.க்குள். முதல் பந்தயத்துக்குக் காம்ஷாஃப்ட், போர்ட்டிங் என்று இறங்காதீர்கள். செலவு செய்ய வேண்டிய இடம் ஆயில் சம்ப். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும், கான்ராட் பேரிங் அங்கேயே போகும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வெல்ட் செய்வது ஒரு நாள் வேலை. இன்ஜின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாயை, சிந்தும் ஆயிலைப் பிடிக்கும் 2 லிட்டர் கேட்ச் டேங்கில் விடுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும்.

இப்போதைய பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?

பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அரை டேங்கில் இரண்டு மாதம் விட்டால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கலாம், டேங்க் அங்கிருந்து துருப்பிடிக்கும். பந்தயம் முடிந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலிசெய்துவிடுங்கள். பழைய நைட்ரைல் ரப்பர் குழாய் வெடித்துக் கசியும். விட்டான் உள்ளடுக்குக் குழாய் போடுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்துவிடும். சுத்த பெட்ரோலோடு ஒப்பிட எரிபொருள் சுமார் 8 சதவீதம் அதிகம் வேண்டும். மெயின் ஜெட்டின் விட்டத்தில் அது 4 சதவீதம். 105 ஜெட் இருந்தால் 110 போட்டு பிளக் நிறத்தைப் பாருங்கள்.

பிரேக்கில் எதை மாற்ற வேண்டும்?

எல்லாவற்றையும். அடிப்பாகத்தில் ஓடும் இரும்புக் குழாய் கிளிப் பிடிக்கும் இடத்தில் ரகசியமாக அரித்திருக்கும், பெடலை முழுப் பலத்தில் மிதிக்கும் நாளில் பிளக்கும். 4.75 மி.மீ. காப்பர்-நிக்கல் குழாய் 8 முதல் 10 மீட்டர் வாங்கி டபுள் ஃபிளேர் போடுங்கள். ஏசிக்கு வரும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும்.

டாட் 4 ஃபுளூயிடின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155. டாட் 5.1க்கு 260, 180. பந்தயப் பேட் அந்த 155ஐச் சாதாரணமாகத் தாண்டும்; ஃபுளூயிட் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். 250 மி.லி. டப்பாவாக வாங்குங்கள். திறந்து மிச்சம் வைத்த டப்பாவை பிரேக்குக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் புது ஃபுளூயிட். சிலிகான் டாட் 5 வேறு சாதி, எதோடும் கலக்காது.

வயரிங்?

பழையதை அறுத்து எறியுங்கள். உறைக்குள் செம்பு பச்சை பூத்திருக்கும். ஈயம் பூசிய செம்பு வயர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், மூன்று நல்ல எர்த். ரேஸ் காருக்குப் பத்துப் பன்னிரண்டு சர்க்யூட்டுக்கு மேல் வேண்டியதில்லை. அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கில் சுவிட்ச் பேட்டரியை மட்டுமல்ல, இக்னிஷனையும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் கரன்ட்டில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே அதற்கு வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல், அடிப்பக்கம் 12 செ.மீ.

ரேடியேட்டரில் என்ன ஊற்றுவது? தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடச் சொல்கிறார்களே?

பேட்டரித் தண்ணீரும் துருத்தடுப்பானும். பச்சைக் கூலன்ட் தடத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் பல பந்தயங்களில் அதை அனுமதிப்பதில்லை. போர் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டின் நீர்வழியில் உப்புக்கல் கட்டும். தெர்மோஸ்டாட் இருக்கட்டும்.

சஸ்பென்ஷன், டயர் எப்படி வைப்பது?

புஷ் எல்லாம் புதுசு, பால் ஜாயின்ட் புதுசு, வீல் பேரிங் புதுசு. அதன் பிறகே அலைன்மென்ட். முன் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாயும் அளவு) மைனஸ் 2.5 டிகிரியிலிருந்து தொடங்குங்கள், முன் டோ (சக்கரங்களின் முன்பக்கம் விலகும் அளவு) 1 முதல் 2 மி.மீ. வெளிப்பக்கம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர் ஐந்து வருடத்துக்கு மேலானால், பொத்தான் எவ்வளவு மிச்சமிருந்தாலும் இழுத்துச் செல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கல்லாகியிருக்கும்.

ஓட்டி வந்தவுடன் டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் சூட்டை அளங்கள். நடு அதிகம் என்றால் காற்று அதிகம். ஓரங்கள் அதிகம் என்றால் காற்று குறைவு. வெளிப்பக்கம் உள்ளைவிடச் சுட்டால் கேம்பர் போதவில்லை. கருவேல முள்ளைச் சொல்லவே வேண்டாம். வண்டியைத் தள்ளும் வழியைப் பெருக்கிவிட்டுத் தள்ளுங்கள்.

பெல்ட், சீட், தீயணைப்பான் பழையது போதுமா?

பெல்ட்டில் காலாவதி வருடம் தைத்திருக்கும், அது தாண்டினால் தூக்கிப் போடுங்கள். நம் கரையில் காலாவதிக்கு முன்பே பக்கிள் ஸ்பிரிங் துருப்பிடித்து, பட்டன் அழுத்தினாலும் விடாமல் போவது உண்டு. மாதம் ஒருமுறை சோதியுங்கள். தோள் பட்டை பின்னோக்கி இறங்கும் கோணம் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மோதலில் முதுகெலும்பைக் கீழே அமுக்கும். தீயணைப்பான் 2 கிலோ, உலோகப் பட்டையில், கட்டிய நிலையில் ஓட்டுநர் கைக்கு எட்ட வேண்டும். முன்னும் பின்னும் இழுகொக்கி மஞ்சள், சிவப்பு அல்லது ஆரஞ்சு. ஹெல்மெட், கழுத்துக் காப்பு, உடை இவற்றில் எஃப்.ஐ.ஏ. முத்திரை இல்லாததை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

தனுஷ்கோடி ரோட்டில் அதிகாலையில் சோதித்துப் பார்க்கலாமா?

கூடாது. அது பொதுச்சாலை, சுற்றுலா வண்டிகளும் வலை இழுக்கப் போகிறவர்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். இரண்டு பக்கமும் மணல் ரோட்டின் மேல் ஏறிக் கிடக்கும், பிடிமானமும் இராது. பிரேக் பதப்படுத்துவதைக்கூடத் தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடம் என்றால் நமக்கு முக்கியமாக இரண்டு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கி.மீ.; ராமநாதபுரத்திலிருந்து மதுரை வழியாக ஏறத்தாழ 330 கி.மீ. இன்னொன்று இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம், 3.7 கி.மீ. சுற்று, அது 550 கி.மீ. தூரம். முதல் முறைக்குக் கரிதான் நல்லது: அருகே இருக்கிறது, சுற்று சின்னது, வண்டி நின்றாலும் பிட்டுக்கு நடந்து வரலாம். போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் வேண்டும், வகுப்பையும் விதியையும் விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்சி இல்லாத வண்டி. பிரச்சினை வருமா?

தடத்தில் வராது, ரோட்டில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு பதிவான வண்டியின் அமைப்பை மாற்றத் தடைசெய்கிறது. கேஜ் போட்டு உட்புறம் காலிசெய்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. ஆர்சி இருந்தால் 55ஆம் பிரிவின்கீழ் பதிவை ரத்துசெய்து சான்று வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் விற்பனைச் சீட்டும், சேஸிஸ் எண், இன்ஜின் எண் தெரியும் படமும் வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியில் இருக்கட்டும். எஸ்டீமின் நீளம் 4.1 மீட்டருக்குள் அடங்கும், 14 அடி தளம் போதும். கட்டும்போது பாடியைக் கட்டாமல் சக்கரங்களைக் கட்டுங்கள். பாடியைக் கட்டினால் வழியெல்லாம் ஸ்பிரிங் ஆடி, கயிறு தளரும்.

பந்தயங்களுக்கு இடையில் எங்கே நிறுத்துவது?

முடிந்தால் கடலிலிருந்து தள்ளி. பரமக்குடியில் உறவினர் வீடு இருந்தால் தயங்காமல் கேளுங்கள். வேறு வழியில்லை என்றால் கடல் பக்கம் மூடிய சுவரும், எதிர்ப்பக்கம் திறப்பும் உள்ள கொட்டகை. பனையோலைக் கூரை தகரத்தைவிட நல்லது, ராத்திரியில் ஈரம் சொட்டாது. பிளாஸ்டிக் உறையால் இறுகப் போர்த்தினால் உள்ளே வியர்த்து, திறந்து விட்டதைவிட மோசமாகத் துருப்பிடிக்கும்; பருத்தித் துணி போர்த்துங்கள். தரையில் மண் கூடாது, சிமென்ட் தளம் வேண்டும். நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி, சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி அடைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை கிராங்கைக் கையால் இரண்டரைச் சுற்று திருப்புங்கள், ஒவ்வொரு முறையும் பிஸ்டன் வேறு இடத்தில் நிற்கும்படி. அடைத்த துணியின்மேல் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள், அடுத்த பந்தயத்துக்குக் கிளப்பும்போது மறக்காமலிருக்கும்.